மூங்கில் குழாயில் கிறிஸ்துமஸ் புட்டு

டிசம்பர் பிறந்தால் நம் திண்டுக்கல் வீடுகளின் வாசலில் காகித நட்சத்திரங்கள் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பிலிப்பைன்ஸ் நாட்டிலோ செப்டம்பரிலேயே கிறிஸ்துமஸ் பாட்டு ஒலிக்கத் தொடங்கிவிடும். கொடுத்து வைத்தவர்கள்!

டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாட்கள், விடியுமுன் எழுந்து கோயிலுக்குப் போவார்கள். பெரும்பாலும் நம் மார்கழி பிறக்கும் நாளும் 16தானே! வயலுக்குப் போகும் உழவர்களுக்காக அந்தக் காலத்தில் வைத்த நேரம் இது.

பூசை முடிந்து வெளியே வந்தால், 'புத்தோ பும்போங்' ஆவி பறக்கும். ஊதா நிற அரிசி மாவை மூங்கில் குழாயில் வேகவைத்து, தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் தூவி, வாழையிலையில் தருவார்கள். அட, நம் குழாய்ப் புட்டு! பெயரைக்கூடக் கவனியுங்கள்.

24ஆம் தேதி நள்ளிரவில் குடும்பமே கூடி விருந்து. பெரியவர்களின் கையை எடுத்துத் தங்கள் நெற்றியில் ஒற்றி, பிள்ளைகள் ஆசி வாங்குவார்கள்.

ஆனால், பல வீடுகளில் அம்மாவோ அப்பாவோ வளைகுடா நாட்டிலோ கப்பலிலோ வேலையில் இருப்பார்கள். சோப்பு, சாக்லேட், துணிமணி, காலணி என்று சிறுகச் சிறுகச் சேர்த்து, பெரிய அட்டைப்பெட்டியில் அனுப்புவார்கள். 'பாலிக்பாயன் பெட்டி' என்று அதற்குப் பெயர். கப்பலில் வந்துசேர வாரக்கணக்கில் ஆகும். அதனால் பல மாதம் முன்பே அனுப்பிவிடுவார்கள். பிள்ளைகள் பெட்டியைப் பிரிக்கும்போது, அம்மா செல்போன் திரையில் பார்த்துக்கொண்டிருப்பார்.