பின்னணிப் பணிகளின் வரிசை
வலைச்செயலியில் மின்னஞ்சல் அனுப்புதல், படங்களைச் சுருக்குதல் போன்ற நேரம் பிடிக்கும் வேலைகளுக்காகப் பயனரைக் காக்க வைக்கக்கூடாது. வேலையின் பெயரும் விவரங்களும் வரிசையில் எழுதப்பட்டதுமே அவருக்குப் பதில் போய்விடும். தனியே இயங்கும் இன்னொரு நிரல் வேலையை எடுத்து முடிக்கும். கிட்ஹப் நிறுவனம் 2009இல் வெளியிட்ட ரெஸ்க் என்னும் மென்பொருள், ரெடிஸ் தரவுத்தளத்தில் இவ்வரிசையை வைத்தது. 2012இல் வந்த சைட்கிக்கும் அப்படியே. தோற்ற வேலையை சைட்கிக், அமைப்புகளில் வேறாகக் குறிப்பிடாவிட்டால், 25 முறை, ஏறத்தாழ மூன்று வாரங்களுக்கு, இடைவெளியைக் கூட்டிக்கொண்டே மீண்டும் முயலும். இங்கேதான் மிகுந்த கவனம் வேண்டும்: வேலை இருமுறை ஓடினாலும் வாடிக்கையாளரிடம் ஒருமுறைதான் பணம் பிடிக்கப்பட வேண்டும். முழுத் தரவையும் திணிக்காமல் அடையாள எண்ணை மட்டும் வரிசையில் வைப்பது நல்லது. அந்த எண்ணுக்குரிய பதிவு செயலியின் தரவுத்தளத்தில் உறுதியாகும் முன்பே வேலையைச் சேர்த்துவிட்டால், தேடிய பதிவு கிடைக்காமல் அது தோற்கும்.