பீரோ அடித்தட்டில் வெள்ளி! பழைய பட்டுக்கு எப்படி விலை போடுகிறார்கள், தெரியுமா?

கரிவலம்வந்தநல்லூரில் முப்பது வருஷத்துக்கு முன் கல்யாணமான ஒரு அக்காவின் பீரோவைத் திறந்தால், அடித்தட்டில் பழைய வேட்டிக்குள் சுற்றிய முகூர்த்தச் சேலை இருக்கும். அது அசல் ஜரிகை போட்ட காஞ்சிப் பட்டு என்றால், அதற்குள் எவ்வளவு வெள்ளி இருக்கிறது தெரியுமா?

பென்சிலை எடுங்கள். அந்தக் காலத்து அசல் ஜரிகையில் நூற்றுக்கு 57 பங்கு வெள்ளி, 24 பங்கு பட்டு நூல், 0.6 பங்கு தங்கம், மிச்சம் செம்பு. கரையும் முந்தியும் கனமாக விழுந்த சேலையில் ஜரிகை மட்டும் 200 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளி 114 கிராம்! தங்கம் 1.2 கிராம்! 2005 வாக்கில் வெள்ளி கிலோ பத்தாயிரம் ரூபாயை ஒட்டி இருந்தது. அன்றைக்கு இந்த 114 கிராமுக்கு ஆயிரத்துச் சொச்சம்தான் தேறும். 2025 கடைசியில் கிலோ 2 லட்சத்தைத் தாண்டியது. அந்த விலைக்கு அதே வெள்ளி 22,800 ரூபாய்! தங்கத்தைக் கிராம் 12,000 என்று குறைத்தே போட்டாலும் இன்னொரு 14,400. கூட்டினால் 37,200. அக்காவின் அப்பா அன்றைக்குக் கடையில் எண்ணிக் கொடுத்த பணத்தைவிட, சேலைக்குள் ஒளிந்திருக்கும் உலோகமே இன்று கூடுதலாக இருக்கலாம்!

அதனால்தான் "பழைய பட்டுச்சேலை வாங்குறது!" என்ற குரல் தமிழ்நாட்டுத் தெருக்களில் இன்னும் ஓயவில்லை. டவுன்களில் கடை போட்டே வாங்குகிறார்கள்.

அவர்கள் விலை போடும் விதம்தான் ஆச்சரியத்திலும் ஆச்சரியம். சேலையின் நிறத்தைப் பார்க்க மாட்டார்கள். எந்த ஊர் நெசவு, எந்தக் கடையில் எடுத்தது என்று கேட்க மாட்டார்கள். மடிப்பில் இற்றுப்போயிருக்கிறதா, சாம்பார் கறை இருக்கிறதா என்பது பற்றியும் கவலை கிடையாது. கிழிந்த சேலைக்கும் ஒரே ஒரு முகூர்த்தத்துக்குக் கட்டிய சேலைக்கும், ஜரிகை ஒன்றாக இருந்தால் விலையும் ஒன்றுதான்! கைநெசவாக ஒருவர் நாள்கணக்கில் தறிக்குழியில் உட்கார்ந்து நெய்த உழைப்புக்கு அந்தத் தராசில் ஒரு பைசா கிடையாது. பட்டுக்கே கிடையாது. அது எரிந்து போகிற சரக்கு.

வியாபாரி முந்தி ஓரத்தில் ஓர் இழையை உருவுவார். நகத்தால் சுரண்டுவார். மேல்தகடு உரிந்ததும் உள்ளே சிவப்புப் பட்டு நூல் எட்டிப்பார்த்தால் முகம் மாறும். வெள்ளை நூலோ பாலியெஸ்டரோ தெரிந்தால், "யக்கா, இது டெஸ்டட்டு" (அசல் ஜரிகை இல்லை) என்று மடித்துக் கையில் கொடுத்துவிடுவார். சிவப்பு தெரிந்தாலும் உடனே நம்பிவிடுவதில்லை. உரைகல்லில் ஒரு கோடு, அதன்மேல் ஒரு சொட்டு ஆசிட். பெரிய கடைகளில் இப்போது எக்ஸ்ரே கதிரால் உலோகப் பங்கைச் சொல்லும் மெஷின் வந்துவிட்டது. சேலையை வெட்ட வேண்டாம், சுரண்ட வேண்டாம். சில விநாடிகளில் வெள்ளி இத்தனை, செம்பு இத்தனை, தங்கம் இத்தனை என்று திரையில் வந்துவிடும்!

வாங்கிய பிறகு? ஜரிகைப் பகுதியை வெட்டி எரிப்பார்கள். பட்டு சாம்பலாகும். மிஞ்சியதை மூசையில் வைத்து உருக்கினால் வெள்ளியும் செம்பும் தங்கமும் கலந்த கட்டி. நைட்ரிக் அமிலத்தில் போட்டால் வெள்ளியும் செம்பும் கரைந்துபோக, தங்கம் மட்டும் கரையாமல் அடியில் தங்கும்! கரைந்த வெள்ளியைத் திரும்பப் பிரித்தெடுப்பார்கள். சேதாரம், செலவு, அவர் லாபம் எல்லாம் கழித்துத்தான் உங்கள் கையில் காசு வரும். ஆகவே 37,200 என்பது சேலைக்குள் இருப்பது. வாசலில் கிடைப்பது நிச்சயம் அதற்குக் கீழே.

இன்னொரு சேதி! அசல் ஜரிகையே இப்போது மாறிவிட்டது, தெரியுமா? வெள்ளி விலை ஏற ஏறக் கைக்கு அடங்கவில்லை என்று வெள்ளியை 40 பங்காகவும் தங்கத்தை 0.5 பங்காகவும் குறைத்தார்கள், செம்பு 35.5 பங்குக்கு ஏறியது. ஆகவே, உருக்கிப் பார்த்தால் பேத்தியின் புதுச் சேலையைவிட ஆச்சியின் பழைய சேலையே உசத்தி! இதையும் கேளுங்கள்: 2004-ல் வந்த 'சில்க் மார்க்' முத்திரை பட்டு அசல் என்பதற்கு மட்டுமே சாட்சி. ஜரிகையைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்லாது. முத்திரை இருக்கிறதே என்று ஜரிகையையும் நம்பி வாங்குகிறவர்கள் ஏராளம்.

துணியிலிருந்து தங்கத்தைப் பிரிக்கும் வேலை நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. 18-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸ் அரண்மனைப் பெண்கள் இதைப் பொழுதுபோக்காகவே செய்தார்கள்! சபையில் உட்கார்ந்து பேசிக்கொண்டே, பழைய கோட்டுகளின் சரிகைப் பட்டியைப் பிரித்துப் பொன்னிழையும் வெள்ளியிழையும் உருவிப் பொற்கொல்லரிடம் விற்றார்கள். இங்கிலாந்துக்கும் அந்தப் பித்து பரவியது. பிற்காலத்தில் பெல்ஜியத்தின் முதல் மன்னரான லியோபோல்டு இளவரசர் மணிக்கணக்காக இழை உருவுவாராம். அப்படிச் சேர்த்த வெள்ளியில் சூப் பாத்திரம் ஒன்று செய்து, அக்காள் மகள் விக்டோரியாவுக்குப் பரிசளித்தார் என்று அவரோடு பழகிய நடிகை ஒருவர் தம் நினைவுக் குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். பின்னாளில் மகாராணியான விக்டோரியாவுக்கே பழைய துணியிலிருந்து வெள்ளிப் பாத்திரம்!

பழைய துணிக்கும் பாத்திரத்துக்கும் உள்ள உறவு நம் வாசலுக்குப் புதிதா என்ன? "பழைய துணிக்குப் பாத்திரம்!" என்று தலையில் எவர்சில்வர் கூடையோடு வருகிறவர்களை யார் மறப்பார்கள்? இரண்டு பேண்ட், மூன்று சேலை போட்டால் ஒரு தூக்குவாளி. "இன்னும் ஒரு சட்டை போடுங்கம்மா, மூடியும் தாரேன்." வடக்கே இப்படிச் சேரும் மூட்டைகள் எங்கே போகின்றன தெரியுமா? டெல்லியில் ரகுபீர் நகர் என்ற இடத்தில், இப்படிப் பாத்திரம் கொடுத்து வாங்கிய துணிகளுக்கென்றே விடிவதற்கு முன் கூடும் சந்தை இருக்கிறது. வாக்ரி சமூகத்துப் பெண்கள் கொண்டுவந்து குவிப்பார்கள். வியாபாரிகள் டார்ச் அடித்துப் பொறுக்குவார்கள். பட்டுச்சேலை தனி, ஜீன்ஸ் தனி, கந்தல் தனி. அங்கே கிடைக்கும் ஜரிகைச் சேலைகள் வெளிநாட்டுப் பயணிகளுக்கான தலையணை உறைகளாகவும் மேல்சட்டைகளாகவும் மாறுவதை, லூசி நாரிஸ் என்ற ஆய்வாளர் பின்தொடர்ந்து போய் 2010-ல் ஒரு புத்தகமே எழுதினார்.

கம்பளித் துணிகளின் கதை ஹரியானாவில் இருக்கிறது. உலகத்துப் பழைய ஸ்வெட்டர்கள் கப்பலேறி குஜராத்தின் காண்ட்லாவுக்கு வந்து, பிரிக்கப்பட்டு, பானிபட்டில் நாராகி, மறுபடி நூலாகி, போர்வையாகின்றன. வெள்ளம் புயல் என்றால் நிவாரணமாகக் கொடுக்கும் மலிவுப் போர்வைகள் பலவும் அங்கே பிறந்தவையே. கந்தலிலிருந்து நூல் எடுக்கும் இந்த வித்தையை 1813-ல் இங்கிலாந்தின் பேட்லி ஊரில் தொடங்கிவைத்தவர் பெஞ்சமின் லா. சுங்கக்காரர்களின் அட்டவணையில் பழைய துணிக்குத் தனி எண்கூட உண்டு, 6309! அந்த எண்ணில் வர வேண்டுமென்றால் உடுத்திய அடையாளம் கண்ணுக்குத் தெரிய வேண்டும், மூட்டையாகவோ சாக்காகவோ வர வேண்டும்.

சரி, அமெரிக்காவில் பழைய டிசைனர் கவுனுக்கு எப்படி விலை போடுகிறார்கள்? அப்படியே தலைகீழ்! அங்கே எடையைப் பார்ப்பதில்லை. முதலில் கழுத்துப் பட்டையைத் திருப்பி லேபிளைப் பார்க்கிறார்கள். பெரிய பெயர் என்றால் தனி அலமாரி. அடுத்து தையல், ஜிப், பொத்தான், அக்குளில் கறை, நாப்தலின் வாடை. புதுவிலையில் மூன்றில் ஒரு பங்கு என்பது பல கடைகளின் வாய்க்கணக்கு. கறைக்குக் கழிவு, விலைச்சீட்டே பிரியாமல் வந்திருந்தால் கூடுதல். எட்கர் ஹெல்ம்ஸ் என்ற பாதிரியார் 1902-ல் பாஸ்டனில் தொடங்கிய குட்வில் கடைகளில் சீட்டுக்கு நிறம் உண்டு. ஒவ்வொரு வாரமும் ஒரு நிறத்துக்குப் பாதி விலை! அப்படியும் போகாத துணி வேறொரு கிடங்குக்குப் போய்த் தொட்டியில் கொட்டப்பட்டு, பவுண்டுக்கு இவ்வளவு என்று எடைக்கு விற்கப்படும். நம் வியாபாரி முதல் நிமிஷத்தில் எடுக்கும் தராசை அவர்கள் கடைசியில் எடுக்கிறார்கள்! உசத்திப் பெயர்களுக்கென்றே பாரிஸில் 2009-ல் வெஸ்டியேர் கலெக்டிவ், அமெரிக்காவில் 2011-ல் தி ரியல்ரியல் என்று நிறுவனங்கள் வந்தன. அங்கே பொருள் அசல்தானா என்று சோதிக்கத் தனி ஆட்களே இருக்கிறார்கள்.

எடையும் இல்லை, லேபிளும் இல்லை, உடுத்தியவர் யார் என்பதற்காகவே விலை போகும் துணியும் உண்டு. 1997 ஜூனில் நியூயார்க்கில் டயானா தம் 79 உடைகளை ஏலம் விட்டார். மொத்தம் 32 லட்சம் டாலருக்கு மேல் வந்து தர்மத்துக்குப் போனது. மர்லின் மன்றோ 1962-ல் கென்னடிக்குப் பிறந்தநாள் பாட்டுப் பாடியபோது அணிந்த கவுன் 2016-ல் 48 லட்சம் டாலர்! சூரத்தில் 2015 பிப்ரவரியில் பிரதமர் மோடியின் பெயர் கோடாக நெய்த கோட்டு 4.31 கோடி ரூபாய்க்கு ஏலம் போய் கின்னஸில் ஏறியது.

உடுத்தியவரால் துணிக்கு மதிப்பு என்பதைக் கரிவலத்துக்காரருக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ராஜபாளையம் ரோட்டில் பஸ் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர். ஆண்டாள் சூடிக் களைந்த மாலையும் பட்டு வஸ்திரமும் கிளியும் அங்கிருந்து புறப்பட்டு மதுரைக்குப் போகின்றன. அந்த மாலையை அணிந்துதான் சித்திரையில் கள்ளழகர் ஆற்றில் இறங்குகிறார்! புரட்டாசியில் திருப்பதி கருட சேவைக்கும் அவள் சூடிய மாலைதான். ஒருவர் அணிந்து களைந்ததை அடுத்தவர் அணிவது குறை என்று நினைக்கிறவர்கள் இந்த மாலையைக் கொஞ்சம் நினைக்கலாம். அம்மன் கோயில்களில் சாத்திய சேலைகள் ஏலத்துக்கு வரும்போது கூட்டத்தைப் பார்த்திருக்கிறீர்களா? கடைவிலை என்ன என்ற பேச்சே எழாது. அம்மன் மேனியில் இருந்தது என்ற ஒன்றே போதும். திருமலை தேவஸ்தானம் காணிக்கையாக வந்த வஸ்திரங்களை இப்போது இணையத்திலேயே ஏலம் விடுகிறது!

நம் வீடுகளில் பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி போடாமல், துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டியில்தான் முதலில் பொதிந்தார்கள். ஆச்சியின் நூல்சேலை தொட்டிலானது. அந்தத் துணிகளை யாரும் எந்த விலைக்கும் கொடுக்கவில்லை.

பட்டுச்சேலையைத்தான் அவசரப்பட்டுக் கொடுத்துவிடுகிறோம். இதைச் சொல்லும்போது எனக்குப் பதறுகிறது. ஜரிகைக்காக எரிந்துபோன சேலைகளோடு எத்தனை கரை டிசைன்கள் சாம்பலாகியிருக்கும்! நாட்டியக் கலைஞர் ருக்மிணி தேவி 1937-ல் தாம் நிறுவிய கலாக்ஷேத்திராவில் தறி போட்டபோது, பழைய சேலைகளின் நிறத்தையும் கரையையும் பார்த்தே மறந்த டிசைன்களை மீண்டும் நெய்யவைத்தார். பழைய சேலை ஒன்று கையில் இருந்தால்தானே அதைப் பார்த்து நெய்ய முடியும்?

ஆகவே வாசலில் தராசு வந்து நின்றால், சேலையை ஒருமுறை வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். கரையும் உடலும் சேரும் இடத்தில் ரம்பப்பல் போல் ஏற்ற இறக்கம் தெரிகிறதா? அதுதான் கோர்வை, தனித்தனி நாடா ஓட்டி, இழையோடு இழை பூட்டிய கைவேலை. இரு ஓரத்திலும் வரிசையாகச் சின்ன ஊசித் துளைகள் இருந்தால் கைத்தறியாக இருக்கலாம். இந்த இரண்டும் இருந்து பட்டும் இற்றுப்போகாமல் இருந்தால், உருக்குகிறவரிடம் கொடுக்காதீர்கள். 2020 ஊரடங்குக்குப் பிறகு பழைய உடைகளை இன்ஸ்டாகிராமில் விற்கும் பெண்கள் நாடெங்கும் பெருகியிருக்கிறார்கள். பழைய காஞ்சிப் பட்டைக் கட்டிக்கொள்ளவே தேடி வாங்குகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். உடல் இற்று, கரை மட்டும் உறுதியாக இருந்தால் அந்தக் கரையை வெட்டிப் புதுப் பட்டில் வைத்துத் தைத்துத் தருகிறார்கள். பேத்திக்குப் பாவாடையாகவும் ஆகும். இரண்டுக்கும் தேறாமல் கையில் எடுத்ததுமே பொடிப்பொடியாக உதிர்ந்தால் மட்டும் எடைக்குப் போடுங்கள். அப்போதும் முதலில் அன்றைய வெள்ளி விலையைக் கேட்டுக்கொண்டு, ஓர் இழையைச் சுரண்டி உள்ளே சிவப்பு இருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிட்டுப் பேரத்துக்கு உட்காருங்கள்.