பத்திரிகை வெச்சாத்தானே மொய் எழுத முடியும்?

கல்யாண மண்டபத்தில் நோட்டும் பேனாவுமாக ஒருத்தர் உட்கார்ந்திருப்பாரே... மொய் எழுதுபவர்! யாரிடம் எவ்வளவு வாங்கினோம், எவ்வளவு திருப்பிச் செய்தோம் என்பதெல்லாம் அந்த நோட்டில் இருக்கும். விஞ்ஞானிகள் உலகத்திலும் அப்படி ஒரு மொய் உண்டு. அதில் நம் நாட்டுக் கணக்குதான் கொஞ்சம் உதைக்கிறது!

விஷயம் இதுதான். ஓர் ஆராய்ச்சியாளர் கட்டுரை எழுதி சர்வதேச ஆய்விதழுக்கு அனுப்புகிறார். ஆசிரியர் உடனே அச்சேற்றிவிட மாட்டார். அதே துறையில் உள்ள இரண்டு, மூன்று பேரிடம் கொடுத்து, ‘இது தேறுமா, பாருங்க’ என்பார். அவர்கள் ராத்திரி கண்விழித்துப் படித்து, ஓட்டை உடைசலைச் சொல்ல வேண்டும். சம்பளம்? பெரும்பாலும் நயா பைசா கிடையாது! பெயரும் வெளியே வராது. இன்றைக்கு என் கட்டுரையை யாரோ படித்தார், நாளைக்கு வேறொருவர் கட்டுரையை நான் படிக்கிறேன். அவ்வளவுதான் மொய்!

2018-ல் ‘பப்ளான்ஸ்’ நிறுவனம் இந்த மொய் நோட்டைப் புரட்டிப் பார்த்து ஓர் அறிக்கை வெளியிட்டது. அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான் போன்ற நாடுகளில், தாங்கள் அனுப்பும் ஒரு கட்டுரைக்குக் கிட்டத்தட்ட 2 மதிப்பீடுகள் எழுதித் தருகிறார்கள். இந்தியா, சீனா, பிரேசில், துருக்கி வகையறா? சுமார் 0.6 தான்!

‘பந்திக்கு முந்திக்கிறாங்க, மொய்க்கு ஆளைக் காணோமே!’ என்று அவசரப்படாதீர்கள். அழைப்பு வந்தால் ஒப்புக்கொள்வதில் இந்த நாட்டுக்காரர்கள்தான் முந்தி என்கிறது அதே அறிக்கை. அழைப்பு வந்தால்தானே! ஆசிரியர் நாற்காலிகளில் பெரும்பாலும் முன்னேறிய நாட்டுக்காரர்கள். அவர்களுக்குத் தெரிந்த முகங்களும் அக்கம்பக்கத்து முகங்களே.

‘சரி, மதிப்பிட யார் பெயரையாவது நீங்களே சிபாரிசு பண்ணுங்க’ என்று கட்டுரை எழுதியவரையே கேட்கும் வழக்கமும் உண்டு. தென் கொரியாவில் ஓர் ஆராய்ச்சியாளர் அதில் புகுந்து விளையாடினார். அவர் சிபாரிசு செய்த ஈ-மெயில் முகவரிகள் அவர் கைக்கோ, அவருடைய சகாக்கள் கைக்கோ வந்து சேரும்! தன் கட்டுரைக்குத் தானே மார்க் போட்டுக்கொண்டார். மதிப்பீடுகள் ஒரே நாளில் வந்து குதித்ததால் ஆசிரியருக்குச் சந்தேகம் தட்ட, 2012-ல் குட்டு உடைந்தது. நிஜ ஆராய்ச்சியாளர் எவராவது அத்தனை சுறுசுறுப்பாக இருப்பாரா, சொல்லுங்கள்! இப்போது பல இதழ்கள் கல்லூரி முகவரிதான் வேண்டும் என்கின்றன. கல்லூரி ஈ-மெயிலே இல்லாத நம்ம ஊர் லெக்சரர் பாடு திண்டாட்டம்.

‘ஓசி வேலை, போனால் போகட்டுமே’ என்கிறீர்களா? நம்ம ஊர் ஏரியைப் பற்றி ஒருவர் ஆராய்கிறார் என்று வையுங்கள். ஏரி மதகையே பார்த்திராதவர் அதைப் படித்தால், ‘உள்ளூர் சமாசாரம்’ என்று ஓரங்கட்டிவிடலாம். மதகு தெரிந்தவர் படித்தால் கேட்கிற கேள்வியே வேறு! தவிர, நாலு பேர் கட்டுரையில் குற்றம் கண்டுபிடித்தவருக்குத்தான் தன் கட்டுரையின் குற்றம் கண்ணில் படும்.

உங்கள் வீட்டில் பி.எச்.டி. பண்ணும் தம்பி இருந்தால் சொல்லுங்கள். கைடுக்கு மதிப்பீட்டு வேலை வந்தால், ஆசிரியரிடம் அனுமதி வாங்கி, கூடவே உட்கார்ந்து பழகட்டும். கல்லூரி ஈ-மெயில் வாங்கட்டும். தன் துறை ஆசிரியர்களுக்கு, ‘நான் ரெடி சார்’ என்று நாலு வரி எழுதிப் போடட்டும்.

மொய் நோட்டில் பெயர் ஏறினால்தானே அடுத்த கல்யாணத்துக்குப் பத்திரிகை வரும்!