மண்ணைப் படிக்கும் கணிப்பொறி

பாலக்காடு மாவட்டம், சித்தூர் பக்கம் மழை குறைவு. போர் போட்டுத்தான் பலர் விவசாயம் செய்கிறார்கள். போர் போடும் முன் நிலத்தைச் சோதிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா?

நான்கு இரும்புக் கம்பிகளை வரிசையாக மண்ணில் அடிப்பார்கள். வெளிக் கம்பிகள் இரண்டின் வழியே மின்சாரம் விடுவார்கள். உள் கம்பிகள் இரண்டில் அளவு எடுப்பார்கள். ஈர மண்ணில் மின்சாரம் எளிதாகப் போகும். கெட்டிப் பாறையில் எளிதில் போகாது. தோண்டாமலே நிலத்துக்கு நாடி பார்ப்பது இது. இதற்குப் புவி இயற்பியல் ஆய்வு என்று பெயர்.

கனிமங்களைத் தேடவும் இதே வழிதான். சில இரும்புப் பாறைகள் காந்த முள்ளை அசைக்கும். கனமான பாறை இருக்கும் இடத்தில் பூமியின் இழுப்பு துளி கூடும். இவற்றையும் கருவிகள் அளக்கும்.

இதே மாவட்டத்தில் அட்டப்பாடி இருக்கிறது. அங்கே வெங்கச்சங்கல்லில் தங்கம் கலந்திருப்பதை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை கண்டறிந்தது. ஆனால் தங்கத்தைக் கருவி நேராகக் காட்டாது. ஒரு டன் கல்லில் சில கிராம்தான் இருக்கும். தங்கம் தங்கும் பாறையின் அடையாளத்தையே கருவி காட்டும்.

அளக்க அளக்க எண்கள் குவியும். லட்சக்கணக்கான எண்களை மனிதர் பார்த்து முடிக்க நாளாகும். இங்கேதான் கணிப்பொறி உதவுகிறது.

நீங்கள் எழுத்துக் கற்றதை நினைத்துப் பாருங்கள். 'அ' என்ற எழுத்தைப் பல முறை பார்த்தீர்கள். பிறகு எங்கே கண்டாலும் தெரிந்தது. கணிப்பொறிக்கும் அப்படித்தான் பாடம். "இங்கே தாது கிடைத்தது, இங்கே கிடைக்கவில்லை" என்று பல இடங்களின் எண்களைக் கொடுப்பார்கள். அது வித்தியாசத்தைக் கற்றுக்கொள்ளும். புதிய இடத்தின் எண்களைக் கொடுத்தால், தாது இருக்கலாமா என்று சொல்லும்.

2025ஆம் ஆண்டு புவியியல் ஆய்வுத் துறை இதற்காக ஒரு போட்டியே நடத்தியது. கர்நாடகம், ஆந்திரப் பிரதேசத்தில் 39,000 சதுர கிலோமீட்டர் பரப்பின் அளவுகள் அதில் கொடுக்கப்பட்டன.

கணிப்பொறி சொன்னால் சரியாகத்தான் இருக்குமா? இல்லை. அச்சு எழுத்தை மட்டும் படித்துப் பழகியவர், கையெழுத்தைக் கண்டால் தடுமாறுவார். கர்நாடகத்துப் பாறையை மட்டும் படித்த கணிப்பொறியும் அட்டப்பாடியில் தடுமாறலாம். துளையிட்டுக் கல்லை எடுத்துச் சோதித்தால்தான் உண்மை தெரியும்.

ஆகவே, ஊருக்குக் கருவி வந்தால் பதற வேண்டாம். ஆய்வு வேறு, சுரங்கம் வேறு. "சுரங்கம் வருகிறது, நிலத்தை விற்றுவிடு" என்று யாராவது சொன்னால் உடனே நம்ப வேண்டாம். வந்தவர் யார், என்ன தேடுகிறார், யார் அனுமதி தந்தார் என்று பஞ்சாயத்தில் கேளுங்கள்.

ஒடிசாவின் நியமகிரி மலையில் அலுமினியத் தாது இருப்பது உறுதியானது. சுரங்கம் தோண்டும் திட்டமும் வந்தது. மலைமக்களின் உரிமையைக் கிராம சபைகள் ஆராயட்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் சொன்னது. 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் சுரங்கம் வேண்டாம் என்றன.

தாது எங்கே இருக்கலாம் என்று கணிப்பொறி சொல்லும். தோண்டலாமா என்று அது சொல்லாது. அதை மனிதர்கள் கூடித்தான் பேச வேண்டும்.

பேசிப் பார்ப்போம்
1. உங்கள் ஊரில் நிலத்தடி நீரை எப்படிப் பார்க்கிறார்கள்?
2. ஆய்வுக்கும் சுரங்கத்துக்கும் என்ன வித்தியாசம்?
3. உங்கள் ஊர்க் கிராம சபை கடைசியாக எப்போது கூடியது?