கெண்டையின் வாயிலிருந்து தொடங்குங்கள்

கெண்டைக்குத் தாடையில் பல் கிடையாது, தொண்டைக்குள்தான் இருக்கிறது. வாயை முன்னால் நீட்டி, ஏரியடிச் சேற்றையும் இரையையும் சேர்த்தே உறிஞ்சும். உள்ளே வைத்து அலசிப் பார்த்து, வேண்டாததைத் துப்பிவிடும். நத்தை, புழு, பூச்சி என்று பிடித்தது மட்டும் தொண்டைப் பல்லுக்குப் போகும். உறிஞ்சுவதும் துப்புவதும் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். தூண்டில் போட்டுவிட்டுக் கரையில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றுமே தெரியாது.

இந்த மீனைப் பிடிப்பது இங்கிலாந்தில் பெரிய பொழுதுபோக்கு. சமைக்க அல்ல. பிடித்து, எடை போட்டு, ஒரு படம் எடுத்துக்கொண்டு மறுபடி ஏரியிலேயே விட்டுவிடுவார்கள். நம் ஊரில் அப்படி விட்டுவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போனால் என்ன கேட்பார்கள் என்பது வேறு விஷயம். இத்தனைக்கும் மீன் நமக்குப் புதிதல்ல. ரோகு, கட்லா அல்ல இது; சிப்ரினஸ் கார்ப்பியோ என்னும் சாதாக் கெண்டை. இதன் ஒரு வகை 1939-ல் இலங்கையிலிருந்து ஊட்டிக்குக் கொண்டுவந்து விடப்பட்டது.

இங்கிலாந்தில் தூண்டில் கடைக்குள் நுழையும் புதியவரின் கண்ணில் முதலில் படுவது பளபளக்கும் ராடும் ரீலும். கையிலிருக்கும் பணத்தில் பெரும்பங்கு அங்கேயே கரைந்துவிடும். என்னைக் கேட்டால், வாங்குவதைத் தலைகீழாகத் தொடங்க வேண்டும். மீனின் வாய்க்குள் போகும் முள்ளில் ஆரம்பித்துக் கைப்பிடிக்கு வந்து சேருவதுதான் சரி.

முள்ளில் இரையைக் குத்திப் போட்டால் கெண்டை உறிஞ்சிப் பார்த்துத் துப்பிவிடுகிறது. இதற்கு வழி கண்டவர்கள் லென்னி மிடில்டன், கெவின் மேடக்ஸ் என்ற இருவர். 1970-களின் இறுதியில் அவர்கள் இரையை முள்ளில் குத்தாமல், முள்ளின் வளைவிலிருந்து தொங்கும் மெல்லிய இழையில் கோத்தார்கள். முதலில் அந்த இழை உண்மையிலேயே தலைமுடிதான். ‘ஹேர் ரிக்’ என்ற பெயர் அதனால் வந்தது. முள் வெறுமனே இருக்கும். இரையை உறிஞ்சும்போது முள்ளும் பின்னாலேயே உள்ளே போகும். துப்பும்போது இரை முதலில் வெளியே வர, முள் திரும்பிக் கீழுதட்டில் பதிந்துவிடும். மேடக்ஸ் 1981-ல் எழுதிய ‘கார்ப் ஃபீவர்’ புத்தகம் இதை ஊரறியச் செய்தது. புதியவர் இந்த முடிச்சைத் தானே கட்டக் கற்க வேண்டும் என்பதில்லை. கட்டித் தயாராக விற்பதை வாங்கினாலே போதும்.

இழையில் கோக்கும் இரை பெரும்பாலும் ‘பாய்லி’. மாவையும் முட்டையையும் பிசைந்து உருட்டிக் கொதிநீரில் போட்டெடுத்த உருண்டை. சின்னக் கொழுக்கட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். வெந்த முட்டை மேலே தோல்போல் இறுகிவிடுவதால் பொடிமீன்கள் கொத்திக் கரைக்க முடியாது. 15 மில்லிமீட்டர் உருண்டைக்கு 6-ஆம் எண் முள் பொருந்தும். எண் கூடக் கூட முள் சிறிதாகும் என்பதை நினைவில் வையுங்கள். முனையருகே பின்னோக்கி நிற்கும் எதிர்முள் இல்லாததாகப் பார்த்து வாங்கினால் மீனுக்கும் நல்லது, தவறிக் குத்திக்கொள்ளும் உங்கள் விரலுக்கும் நல்லது. முனையைக் கட்டைவிரல் நகத்தின் மேல் லேசாக இழுத்துப் பாருங்கள். நகத்தில் பிடித்தால் கூர் இருக்கிறது. வழுக்கிக்கொண்டு போனால் அந்த முள்ளைத் தூக்கிப் போடலாம், எத்தனை விலை கொடுத்ததானாலும்.

அடுத்தது ஈயக்குண்டு. தூரமாக எறிவதற்கு மட்டுமல்ல அது. முள் குத்தியதும் மிரண்டு ஓடும் மீன், 70 முதல் 85 கிராம் எடையுள்ள குண்டை இழுக்கும்போது முள் தானாகவே ஆழப் பதிகிறது. தூக்கிச் சுண்டும் வேலை கரையில் இருப்பவருக்கு மிச்சம். ஆனால் குண்டைத் தூண்டில் நரம்பில் இறுகக் கட்டக் கூடாது. நரம்பு அறுந்தால் மீன் அந்தக் குண்டை இழுத்துக்கொண்டே திரிந்து, கொடியிலோ வேரிலோ சிக்கிச் சாகும். அழுத்தம் கூடினால் குண்டைக் கழற்றிவிடும் சிறிய பிளாஸ்டிக் கிளிப் இருக்கிறது. விலை அற்பம். கடைக்காரர் எடுத்துத் தராவிட்டாலும் நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது அது.

நரம்புக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். 12 முதல் 15 பவுண்டு தாங்கும் சாதாரண நைலான் போதும். அது கொஞ்சம் நீளும். மீன் திடீரென்று இழுக்கும் உதறலை வாங்கிக்கொள்ளும். பின்னல் நரம்பு நீளாது, வாயைக் கிழிக்கக்கூடும். பல ஏரிகளில் அதற்கு அனுமதியே இல்லை.

இப்போது ராடு. இங்கே ரிச்சர்ட் வாக்கரைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1952 செப்டம்பரில், ஹெர்ஃபோர்ட்ஷையரில் உள்ள ரெட்மயர் குளத்தில் 44 பவுண்டு, அதாவது சுமார் 20 கிலோ எடையுள்ள கெண்டையைப் பிடித்தவர் அவர். கிளாரிசா என்று பெயர் பெற்ற அந்த மீன் லண்டன் உயிரியல் பூங்காவின் தொட்டியில் பல ஆண்டுகள் வாழ்ந்தது. அவ்வளவு பெரிய மீனுக்கென்று அன்று கடையில் ராடு கிடையாது. பிளந்த மூங்கிலை ஒட்டித் தனக்கு வேண்டியதை வாக்கரே வடிவமைத்துக்கொண்டார். இரை இழுபட்டால் ஒலி எழுப்பும் மின்கருவியையும் செய்தார்.

இன்றைய கார்பன் ராடுகளின் மேல் ‘டெஸ்ட் கர்வ்’ என்று ஓர் எண் இருக்கும். ராட்டின் நுனி கைப்பிடிக்குச் செங்கோணமாக வளைய எத்தனை பவுண்டு இழுவை வேண்டும் என்பதுதான் அந்த எண். 12 அடி நீளம், 2.75 பவுண்டு: புதியவருக்கு இதுவே தாராளம். 3.5 பவுண்டு ராடு அகன்ற ஏரியின் நடுவரை எறிபவர்களுக்கானது. அதை வைத்துக்கொண்டு கரையோரம் மீனை இழுத்தால், ராடு வளைந்துகொடுக்காமல் முள் வாயிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்துவிடும். விறைப்பான ராடுதான் நல்ல ராடு என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது, அதில் அர்த்தமில்லை.

ரீலில் ஒன்றே ஒன்றைப் பாருங்கள். பின்னால் ஒரு நெம்பி இருக்க வேண்டும். அதைத் தட்டிவிட்டால் மீன் இழுக்கும்போது நரம்பு தாராளமாக ஓடும். கைப்பிடியைச் சுற்றினால் பிடிமானம் திரும்பிவிடும். ஷிமானோ நிறுவனத்தின் ‘பெயிட்ரன்னர்’ பிரபலமாக்கிய ஏற்பாடு இது. இந்த வசதி இல்லாமல் ராட்டைத் தாங்கியில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால், திரும்பி வரும்போது ராடு ஏரிக்குள் போயிருக்கலாம்.

ராட்டில் மிச்சம் பிடித்த பணத்தைச் செலவழிக்க வேண்டிய இடம் வலையும் விரிப்பும். கரங்கள் 42 அங்குலம் உள்ள கைவலையும், மீனைக் கிடத்தப் பஞ்சு வைத்த விரிப்பும் இல்லாதவரைப் பல ஏரிகளில் உள்ளேயே விடமாட்டார்கள். மீனைக் கிடத்துவதற்கு முன் விரிப்பை ஏரித் தண்ணீரால் நனைக்க வேண்டும். காய்ந்த விரிப்பு மீனின் மேலிருக்கும் வழுவழுப்பை உரித்துவிடும். நோயிலிருந்து அதைக் காப்பது அந்தப் படலம்தான். பீட்டர்பரோ அருகே ஓர் ஏரியில் வாழ்ந்து 2009-ல் இறந்த பென்சன் என்ற கெண்டை அறுபது தடவைக்கு மேல் பிடிபட்டது. அத்தனை முறையும் அதைக் கவனமாகத் திருப்பி விட்டவர்கள் இருந்ததால்தான் அது நடந்தது. இன்னொன்று: ஓர் ஏரியில் நனைந்த வலையை நன்றாகக் காயவைக்காமல் அடுத்த ஏரிக்குக் கொண்டுபோகக் கூடாது. கெண்டைகளைக் கூட்டமாகக் கொல்லும் கோய் ஹெர்பிஸ் வைரஸ் ஈர வலையிலேயே பயணம் போய்விடும்.

ஒலியெழுப்பும் கருவி, கூடாரம், கட்டில் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பகலில் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவருக்கு ரீல் சுற்றும் சத்தமே போதும். ராடும் முதலில் ஒன்று போதும். இங்கிலாந்தில் 13 வயதானவர் முதல் எல்லோரும் தூண்டில் உரிமம் எடுக்க வேண்டும். சாதாரண உரிமத்தில் இரண்டு ராடு வரை வைத்துக்கொள்ளலாம், மூன்றாவது ராட்டுக்குக் கட்டணம் கூடுதல். புதியவருக்கு அந்தக் கூடுதல் கட்டணம் வீண்.