டெர்மினலில் நட்சத்திரக் குறி போட்டால் என்ன ஆகும்?

ஒற்றசேகரமங்கலம், பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துப் பள்ளிக்கூடங்கள்ல படிக்கிற உங்களுக்கு பைத்தான் புதுசில்ல. உபுண்டுவை அடிப்படையா வெச்சு செஞ்ச கைட் குனு லினக்ஸும் புதுசில்ல. ஆனா பாடத்துல எழுதுற புரோகிராம் பெரும்பாலும் இன்புட் கேட்டுத்தான் ஓடும். அதே விவரத்தை, புரோகிராமைக் கூப்பிடும்போதே கொடுத்துடலாம்.

ரப்பர் ஷீட் கணக்கு ஒண்ணு எழுதுவோம். எடை 12 கிலோ, கிலோவுக்கு 180 ரூபான்னு ஒரு பேச்சுக்கு வெச்சுக்கோங்க. திரையைப் பாருங்க: பைத்தான்3, கோப்போட பேரு, 12, 180. உள்ளே சிஸ் டாட் ஆர்க்விங்கிற பட்டியல்ல மூணு உருப்படி வந்து நிக்குது. பூஜ்யமாவது இடத்துல கோப்போட பேரு. எடை ஒண்ணாவது, விலை ரெண்டாவது.

ரெண்டையும் கூட்டிப் பாருங்க. 192 வராது, 12180 வரும்! ஏன்னா வந்தது எல்லாமே ஸ்ட்ரிங். ஃப்ளோட் போட்டு எண்ணா மாத்தினாத்தான் கணக்கு நடக்கும்.

இப்போ நடுவுல பெருக்கல் குறி போடலாம்னு தோணும். 12, நட்சத்திரம், 180. பட்டியலை அச்சடிச்சுப் பாருங்க. நட்சத்திரத்தைக் காணோம், அந்த ஃபோல்டர்ல இருக்கிற கோப்புப் பேரெல்லாம் வரிசையா நிக்குது. இது பைத்தான் செஞ்ச வேலை இல்ல. நீங்க அடிச்ச வரியை முதல்ல படிக்கிறது ஷெல். இடைவெளி பார்த்துத் துண்டு போடுறதும், நட்சத்திரத்தைக் கோப்புப் பேராக்குறதும் அதுதான். புரோகிராமுக்கு வர்றது வெட்டி முடிச்ச துண்டுகள் மட்டும். இந்த ஒரு விஷயம் மனசுல பதிஞ்சா பாதிக் குழப்பம் தீரும். நட்சத்திரத்தை மேற்கோள் குறிக்குள்ள வைங்க, ஷெல் தொடாது. "பாறசாலை டவுன்" ஒரே துண்டா வரணும்னாலும் இதே வழிதான்.

சி மொழியிலயும் இதே ஏற்பாடுதான். கெர்னிஹான், ரிச்சி 1978ல வெளியிட்ட சி புத்தகத்துல, கொடுத்த சொற்களை அப்படியே திருப்பி அச்சடிக்கிற எக்கோ புரோகிராமை வெச்சுத்தான் ஆர்க்வியை விளக்குறாங்க.

விலையைக் கொடுக்க மறந்தா இண்டெக்ஸ் எரர் வரும். அதனால பட்டியலோட நீளத்தை முதல்ல பாருங்க. விவரம் கூடிப்போச்சுன்னா ஆர்க்பார்ஸ்ங்கிற பைத்தான் மாட்யூல் இருக்கு, 2010ல வந்த பைத்தான் 2.7லயே சேர்ந்தது. எடை ஃப்ளோட்னு சொல்லி வெச்சா அதுவே மாத்திக் கொடுக்கும். மைனஸ் ஹெச் அடிச்சா உதவிக் குறிப்பும் தானா வரும்.