ஒரு டிகிரி சாய்ந்தால் என்ன ஆயிடும்? போர்வெல் முதல் பூமியின் சுற்றளவு வரை கோணத்தின் கணக்கு

ஆயிரம் அடி ஆழத்துக்கு போர் போடுகிறார்கள். ரிக் வண்டி நேராக நிற்காமல் ஒரே ஒரு டிகிரி சாய்ந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். "ஒரு டிகிரிதானே, என்ன ஆயிடப் போகுது?" என்றுதான் தோன்றும். ஆனால் துளை அதே சாய்வில் நேர்கோடாக இறங்கினால், அதன் அடிமுனை இருக்க வேண்டிய இடத்திலிருந்து சுமார் 17 அடி தள்ளிப் போயிருக்கும். 30 அடி அகல மனையின் நடுவில் தொடங்கிய போர், பக்கவாட்டில் சாய்ந்தால், அடியில் பக்கத்து மனைக்குள் போய் நிற்கும்.

நாமக்கல் மாவட்டத்தின் திருச்செங்கோடு, நாடு முழுக்க ரிக் வண்டிகள் கிளம்பிப் போகும் ஊர். பள்ளியில் பாகைமானியோடு மறந்துபோன கோணப் பாடத்தைத் திரும்பப் படிக்க, சேலம், நாமக்கல் வட்டாரத்தைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது கஷ்டம்.

கோணம் என்றால் என்ன?

ஒரே புள்ளியிலிருந்து கிளம்பும் இரண்டு கோடுகளுக்கு இடையே எவ்வளவு திருப்பம் இருக்கிறது என்பதன் அளவுதான் கோணம். அந்தப் புள்ளி, கோணத்தின் முனை. கோடுகள் இரண்டும் அதன் கைகள். கையிலிருக்கும் போனை நெட்டாகப் பிடித்துவிட்டு, வீடியோ பார்க்கக் குறுக்காகத் திருப்புங்கள். இப்போது போன் திரும்பியது 90 டிகிரி.

பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. கைகள் நீளமாக இருந்தால் கோணமும் பெருசு என்று நினைப்பது தவறு. கடிகாரம் 3 மணி காட்டும்போது இரண்டு முட்களுக்கும் இடையே 90 டிகிரி. கைக்கடிகாரமானாலும் சரி, மணிக்கூண்டானாலும் சரி, அளவு மாறாது. கோணம் நீளத்தை அளப்பதில்லை, திருப்பத்தை அளக்கிறது.

ஏன் 360?

ஒரு முழுச் சுற்றை 360 சம பாகங்களாகப் பிரித்தால், ஒரு பாகம் ஒரு பாகை, அதாவது ஒரு டிகிரி. 60-ஐ அடிப்படையாக வைத்து எண்ணிய பாபிலோனியர் மரபிலிருந்து வந்த வழக்கம் இது. 360-ஐ 2, 3, 4, 5, 6, 8, 9, 10, 12 என்று பல எண்களால் மீதியில்லாமல் வகுக்கலாம் என்பதும் பெரிய வசதி.

90 டிகிரிக்குக் குறைவானது குறுங்கோணம். சரியாக 90 என்றால் செங்கோணம். 90-க்கும் 180-க்கும் இடைப்பட்டது விரிகோணம். 180 டிகிரி ஆகிவிட்டால் இரண்டு கைகளும் ஒரே நேர்கோட்டில் வந்துவிடும். அது நேர்கோணம்.

வீடு கட்டும்போது அஸ்திவாரத்தின் மூலை செங்கோணமா என்று பார்க்கக் கொத்தனாருக்குப் பாகைமானி வேண்டாம். மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 அடியும், மறுபக்கம் 4 அடியும் அளந்து குறி வைப்பார். இரண்டு குறிகளுக்கும் இடையே 5 அடி இருந்தால் மூலை சரியாக 90 டிகிரி. 5 அடிக்குக் குறைந்தால் குறுங்கோணம், கூடினால் விரிகோணம்.

கொல்லிமலையில் வண்டி எத்தனை டிகிரி திரும்புகிறது?

காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலை ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு வளைவில், ஏறி வந்த சாலைக்கும் ஏறிப்போகும் சாலைக்கும் இடையே 10 டிகிரிதான் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். வரைபடத்தில் பார்த்தால் மிகச் சிறிய கோணம். ஆனால் வண்டி 10 டிகிரி திரும்பினால் போதுமா? போதாது. போய்க்கொண்டிருந்த திசையிலிருந்து 170 டிகிரி திரும்ப வேண்டும். சாலைகளுக்கு இடையே உள்ள கோணமும் வண்டி திரும்பும் கோணமும் சேர்ந்து 180. அதனால்தான் வரைபடத்தில் கோணம் குறுகக் குறுக, ஓட்டுநர் ஸ்டீயரிங்கை அதிகம் ஒடிக்க வேண்டியிருக்கிறது.

கோணத்துக்குத் திசையும் உண்டு. 70 வளைவிலும் ஒரே பக்கமாக 180 டிகிரி திரும்பினால் 35 முழுச் சுற்று ஆகும். மலைச் சாலையில் ஒரு வளைவு இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம் என்று மாறி மாறி வருவதால், ஒன்று திருப்பியதை அடுத்தது கழித்துவிடுகிறது.

ஒரு டிகிரி எப்படி 17 அடி ஆனது?

கை நீண்டால் கோணம் மாறாது. ஆனால் இரண்டு கைகளின் நுனிகளுக்கு இடையே உள்ள தூரம் நீண்டுகொண்டே போகும். செங்குத்துக் கோட்டிலிருந்து ஒரு டிகிரி சாய்ந்தால், 10 அடிக்கு விலகல் சுமார் 2 அங்குலம். 100 அடியில் அது முக்கால் அடி குறைய இரண்டரை அடி, அதாவது 1.75 அடி. 1,000 அடியில் 17.5 அடி. சாய்வு அதேதான், ஆழம்தான் பெருக்கிவிடுகிறது.

20 அடி உயரமுள்ள டிரில் ராடு ஒரு டிகிரி சாய்ந்தால் அதன் மேல்முனை 4 அங்குலம் மட்டுமே தள்ளி இருக்கும். அண்ணாந்து பார்க்கும் கண்ணுக்கு அது பிடிபடுவது சிரமம். மேடு பள்ளமான தோட்டத்தில் வண்டியை நிறுத்தியதும் ஜாக்கி கொடுத்து மட்டம் பார்ப்பதன் அவசியம் இதுதான். நிலத்தடியில் பாறை மாறும் இடங்களிலும் துளை திசை மாறலாம் என்பதால், தொடக்கமாவது பிசகாமல் இருக்க வேண்டும். போர் போடப் பணம் கட்டுபவர், துளை தொடங்கும் முன் நின்று கவனிக்க வேண்டிய விஷயமும் இதுவே.

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையே பூமி எவ்வளவு வளைகிறது?

சிறிய கோணம் நீண்ட தூரத்தில் பெரிதாகும் என்பது ஆபத்து மட்டுமல்ல, உதவியும்தான். சேலமும் நாமக்கல்லும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில், வடக்கு தெற்காக அமைந்த ஊர்கள். சேலத்தின் அட்சரேகை சுமார் 11.65 டிகிரி, நாமக்கல்லின் அட்சரேகை சுமார் 11.22. வித்தியாசம் 0.43 டிகிரி, அரை டிகிரிகூட இல்லை. இரண்டுக்கும் இடையே நேர்கோட்டுத் தூரம் சுமார் 48 கிலோமீட்டர்.

0.43 டிகிரிக்கு 48 கி.மீ. என்றால் 360 டிகிரிக்கு எவ்வளவு? சுமார் 40,000 கி.மீ. அதுதான் பூமியின் சுற்றளவு! இதே முறையில்தான் எரடோஸ்தனிஸ் என்ற அறிஞர், 2,200 ஆண்டுகளுக்கு முன்பு, எகிப்தின் இரண்டு ஊர்களில் விழுந்த வெயிலை ஒப்பிட்டுப் பூமியை அளந்தார். அவருக்குக் கிடைத்த கோணம் 7.2 டிகிரி, அதாவது முழுச் சுற்றில் 50-ல் ஒரு பங்கு.

இதை நம்ம ஊரிலும் செய்து பார்க்கலாம். டிசம்பர் 21 அன்று, நிழல் மிகக் குறுகும் உச்சிப் பொழுதில், இரண்டு ஊர்களிலும் ஒரு மீட்டர் குச்சியைச் செங்குத்தாக நட்டால், சேலத்தில் நிழல் சுமார் 70.3 சென்டிமீட்டர், நாமக்கல்லில் சுமார் 69.1 சென்டிமீட்டர் விழும். வித்தியாசம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். நிழலை அளப்பதில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலே பூமியின் சுற்றளவில் ஏறக்குறைய 4,000 கி.மீ. தவறிவிடும். குச்சி சாய்ந்து நின்றால் இன்னும் மோசம். எனவே குச்சியை நட்டதும் முதல் வேலை, ரிக் வண்டிக்குச் செய்வதுபோலவே, அது 90 டிகிரியில் நிற்கிறதா என்று பார்ப்பதுதான்.